காற்று தின்ற எழுத்து

காற்று அடிக்கும் நாட்களில் மட்டும், இரண்டாம் நடைமேடையின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் மைக்கக்கா சொல்வதற்கு நேர்மாறாகச் செய்தார்கள்.

வண்டி இன்றைக்கு முதலாம் நடைமேடைக்கு வரும் என்று அவள் ஒலிபெருக்கியில் சொன்னால், அவர்கள் இரண்டாவதிலேயே ஆணி அடித்த மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். வண்டி எதிர்ப்பக்கம் வந்து நின்று, ஆட்கள் ஏறி இறங்கி, அது கிளம்புகிற நேரத்தில்தான் அலறி அடித்துக்கொண்டு எழுந்திருப்பார்கள். சில நாள் இது தலைகீழாகும். பெட்டியும் பையுமாக மேம்பாலம் ஏறி இறங்கி முதலாவதில் போய் நின்றுகொண்டு, தங்கள் வண்டி இரண்டாவதில் வந்து நிற்பதை வேடிக்கை பார்ப்பார்கள். காற்று இல்லாத நாளில் இந்தக் கூத்து கிடையாது. காற்றடிக்கும் நாளிலும் மற்ற பெஞ்சுகளில் இருப்பவர்கள் சொன்ன பேச்சைக் கேட்டார்கள். கடைசி பெஞ்சுக்கு மட்டும்தான் ஏதோ ஆகிவிட்டிருந்தது.

அந்த ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்வது அவள் வேலை; மைக்கக்கா என்ற பெயரும் அதனால் வந்ததுதான். மேம்பாலத்தின் நடுவில், தண்டவாளங்களுக்கு மேலே, கூண்டு மாதிரி ஒரு சின்ன அறை. மூன்று பக்கமும் கண்ணாடி. கழுத்து நீண்ட மைக் ஒன்று, அதன் அடியில் ஒரு பொத்தான். பொத்தானை அழுத்தியிருக்கும்வரை சிவப்பு விளக்கு எரியும். அவள் குரல் நிலையம் முழுக்க இருக்கும். விரலை எடுத்தால் விளக்கு அணைந்துவிடும். அவளுக்கும் கீழே நிற்பவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாமல் போய்விடும். குளிருக்காகக் கண்ணாடியின் இடுக்கையெல்லாம் அடைத்து வைத்திருந்ததால் கீழே நடப்பது எதுவும் அவளுக்குக் கேட்காது. தன் குரலைக் கேட்டு ஜனங்கள் எழுந்து நடப்பதை ஊமைப்படம் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பாள். நாள் முழுக்க ஊரோடு பேசுகிறவளுக்கு ஊர் ஒரு வார்த்தை திருப்பிப் பேசியதில்லை.

பேசினால் சண்டைக்குத்தான். போன வாரம்கூட வண்டியைத் தவறவிட்ட ஒருவர் தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேலேயே ஏறி வந்துவிட்டார்.

"ரெண்டாவதுல வரும்னு சொன்னது நீங்கதானே? இதே குரல்தானே?"

"வராதுன்னு சொன்னேங்க. மூணு தடவை சொன்னேன்."

"வராதுன்னு சொன்னா நான் எதுக்கு அந்தக் குளிர்ல உக்காந்திருக்கப் போறேன்? எனக்கு என்ன வேண்டுதலா?"

அவர் பொய் சொல்கிற ஆள் மாதிரி தெரியவில்லை. அதுதான் அவளை அதிகமாக அரித்தது.

ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல மனுஷன். கோபித்துக்கொள்ளத் தெரியாததால் கிண்டல் செய்வார். "என்னம்மா, உங்க பேச்சை ஒருத்தரும் மதிக்க மாட்டேங்கறாங்களே?"

"வீட்லயே யாரும் மதிச்சதில்ல சார். இது எனக்குப் பழகினதுதான்" என்றாள். அவர் சிரித்தார். அவளும் சிரித்து வைத்தாள்.

வீடு என்று அவள் சொன்னது நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையை. அங்கே ஒரு கட்டில், ஒரு அடுப்பு, இரண்டு நாற்காலி. இரண்டாவது நாற்காலியில் துவைத்த துணி கிடக்கும்.

அவளுக்கு ஒரு மகள் உண்டு. கணவனும் அவளும் பிரிந்தபோது குழந்தை அப்பாவோடு போயிற்று. அவருடைய ஊரில் நல்ல பள்ளிக்கூடம் இருந்தது, பார்த்துக்கொள்ள அத்தை இருந்தாள். இவளுக்கோ காலை ஷிப்ட், ராத்திரி ஷிப்ட் என்று மாறி மாறி வேலை. சரி என்று தலையாட்டியவளும் இவள்தான். முதலில் வாரம் தவறாமல் போனில் பேசினார்கள். பிறகு பரீட்சை, பிறகு கல்லூரி, பிறகு வீட்டுக்கு ஒரு சித்தி என்று பேச்சு மெலிந்துகொண்டே வந்தது. 'அம்மா நீ' என்றிருந்தது எப்போதோ 'அம்மா நீங்க' என்று ஆனது. மாமியாரிடம் பேசுகிற மாதிரி என் பெண் என்னிடம் பேசுகிறாள் என்று ஒருநாள் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். சிரிப்பு வரவில்லை.

இந்தக் குளிர்காலம் தொடங்கியபோது அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். படித்து முடித்து, தூரத்து ஊரில் ஒரு கண் மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. போகிற வழியில் இவளுடைய நிலையத்தில்தான் வண்டி மாற வேண்டும். ஒரு வண்டிக்கும் அடுத்ததற்கும் நடுவில் நிறைய நேரம் இருக்கிறது.

"உங்களைப் பாக்கலாமாம்மா?" என்று கேட்டாள்.

அம்மாவைப் பார்க்கலாமா என்று ஒரு மகள் அனுமதி கேட்டது இவளுக்கு எங்கேயோ குத்தியது. ஆனாலும் அன்றைக்கு லீவு போட்டாள். இரண்டாவது நாற்காலியில் கிடந்த துணியை மடித்து வைத்தாள். நல்ல ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பும் நேரத்தில் போன் வந்தது. மகள் வழியில் ஏதோ ஒரு நிலையத்தில் இறங்கி நின்று பேசினாள். போனுக்குள் காற்று கொட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா... நீங்க காத்து... இருக்க வேணாம்... நான்..."

அதோடு நின்றுபோயிற்று. திருப்பிக் கூப்பிட்டால் தொடர்பு கிடைக்கவில்லை.

காத்திருக்க வேணாம். அவள் செருப்பைக் கழற்றினாள். ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள். மனசு மாறிவிட்டது போலிருக்கிறது, சொல்லத் தயங்கி வண்டி பாதி வழி வந்த பிறகு சொல்கிறாள் என்று நினைத்தாள். சின்ன வயதில் மகளை இவள் விட்டதற்கு, இப்போது அவள் இவளை விடுகிறாள். இதில் கோபப்பட என்ன இருக்கிறது? அன்று பின்மதியம் மகளின் வண்டி வந்ததும் அடுத்த வண்டி போனதும் அறைக்குள் இருந்தே கேட்டது. அதற்குப் பிறகு மகள் கூப்பிடவில்லை. இவளும் கூப்பிடவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு யோசிக்க நேரம் நிறைய இருந்தது. மகளைப் பற்றி யோசிக்க முடியாதபோதெல்லாம் கடைசி பெஞ்சைப் பற்றி யோசித்தாள்.

ஒலிபெருக்கிகளைப் பழுது பார்க்கிறவன் பெயர் எல்லோருக்கும் மறந்துபோய் ஒயர் என்றே ஆகியிருந்தது. தோளில் எப்போதும் ஒரு சுருள் ஒயர் மாட்டியிருப்பான். கடைசி பெஞ்சுக்கு மேலே இருந்த ஒலிபெருக்கியை அவன் இரண்டு தடவை கழற்றி மாட்டினான்.

"ஸ்பீக்கர் கல்லு மாதிரி இருக்குக்கா. வேணும்னா கச்சேரி வைக்கலாம்."

"அப்போ ஏன் கேக்கல?"

"கேக்குது. கேக்காம இருந்தா சும்மா இருப்பாங்க. இவங்க தப்பா இல்ல கேக்கறாங்க?"

அவன் சத்தத்தைக் கூட்டி வைத்துப் பார்த்தான். அது நிலைமையை இன்னும் கெடுத்தது. எதிரே இருந்த சரக்குக் கொட்டகையின் சுவரில் குரல் மோதித் திரும்பி வந்தது. ஒரு வாக்கியம் முடிவதற்குள் அதன் முதல் பாதி மறுபடியும் வந்து அதன்மேலேயே விழுந்தது. குறைத்து வைத்தான். பழைய நிலைக்கே வந்தது.

"அப்ப ஒண்ணுதான் வழி. நானே போய் உக்காந்து கேக்கறேன்" என்றாள் அவள். இத்தனை வருஷமாக அந்த நிலையத்துக்குக் குரல் கொடுத்தவள், அந்தக் குரலை ஒரு பயணியாக உட்கார்ந்து கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

காற்று நன்றாக வீசிய ஒரு மதியம், இரண்டு வண்டிகளுக்கு நடுவில் கிடைத்த இடைவெளியில், மாஸ்டரிடம் சொல்லிவிட்டு அவள் கடைசி பெஞ்சுக்கு நடந்தாள். ஒயர் மேலே மைக் முன்னால் உட்கார்ந்தான். ஏற்பாடு எளிமையானது. அவன் வாய்க்கு வந்ததைச் சொல்வான். 'ஆமாம்' என்று முடிவதுபோல் கேட்டால் அவள் வலது கையைத் தூக்க வேண்டும். 'இல்லை' என்று கேட்டால் இடது கை. மேலே கண்ணாடி வழியாக அவன் பார்த்துக்கொள்வான்.

பெஞ்சில் உட்கார்ந்ததும் முதலில் அவள் கவனித்தது குளிரை. மரம் மட்டை எதுவும் இல்லாத வெட்டவெளியில் மூன்று திசைக்குத் தண்டவாளம் பிரியும் இடம் அது. காற்றுக்கு வழியில் தடையே கிடையாது. நடைமேடையின் கூரை இந்தப் பெஞ்சோடு முடிகிறது. இருந்தும் ஜனங்கள் இங்கே உட்காரக் காரணம், முன்பதிவு இல்லாத பெட்டிகள் இங்கேதான் வந்து நிற்கும், முந்தினவருக்கு இடம்.

இரண்டாவதாகக் கவனித்தது ஒரு முனகல். கூரைத் தகட்டுக்கும் கடைசித் தூணுக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் 'ஊம்' என்று தாழ்வாக ஒரு சத்தம் வருமே, அதுபோல் காற்று அந்தச் சந்தின் வாயில் ஊதிக்கொண்டிருந்தது. பெரிய சத்தம் இல்லை. கொஞ்ச நேரத்தில் காது அதை மறந்தேவிடும். ஆனால் அது விடாமல் அங்கேயே இருந்தது.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"பயணிகள் கவனத்திற்கு. இது சோதனை. யாரும் பயப்பட வேண்டாம். ஸ்டேஷன் மாஸ்டர் இன்று தலை சீவி..."

வந்திருக்கிறார் என்றானா, வரவில்லை என்றானா? அவள் யோசித்து இடது கையைத் தூக்கினாள். மேலே அவன் தலையில் அடித்துக்கொள்வது தெரிந்தது. தப்பு.

"நம் டீக்கடையில் இன்று டீ சூடாக இருக்..."

இதில் சந்தேகமே இல்லை. சட்டென்று இடது கையைத் தூக்கினாள். இருக்காது.

பக்கத்தில் தள்ளுவண்டியை நிறுத்தியிருந்த டீக்காரர் முறைத்தார். "என்ன மைக்கக்கா, அவன் இருக்கும்னு நல்லா சொல்றான், நீங்க இல்லைன்னு கை தூக்கறீங்க?"

"இருக்காதுன்னுல சொன்னான்?"

"என் காதால கேட்டேன். இருக்கும்னான்."

"உங்க டீயைக் குடிச்சுப் பாத்தவங்களுக்கு இருக்காதுன்னுதான் கேக்கும்" என்று சொல்லிவிட்டு, சொன்ன வாயை மூடாமல் அப்படியே இருந்தாள்.

ஒரே பெஞ்சு. ஒரே குரல். இரண்டு பேர் எதிரெதிராகக் கேட்டிருக்கிறார்கள். அவர் காதில் அவர் ஆசை கேட்டிருக்கிறது. இவள் காதில் இவள் அனுபவம் கேட்டிருக்கிறது. அப்படியானால் ஒயர் உண்மையில் சொன்னதன் கடைசித் துண்டு இந்தப் பெஞ்சுக்கு வந்து சேரவே இல்லை.

அவள் உதட்டை அசைத்துச் சொல்லிப் பார்த்தாள். வரும். வராது. இரண்டுக்கும் தலை ஒன்று, 'வர'. இருக்கும், இருக்காது. அங்கேயும் தலை ஒன்று. ஆமாமா இல்லையா என்பது வாலில்தான் இருக்கிறது. நாம் பேசும்போது எந்த வண்டி, எந்த நேரம், எந்த நடைமேடை என்று எல்லாவற்றையும் முதலில் சொல்லிவிட்டு, வருமா வராதா என்பதைக் கடைசிச் சொல்லின் கடைசியில் கொண்டுபோய் வைக்கிறோம். வாக்கியத்தின் கடைசிக்கு வரும்போது மூச்சு தீர்ந்திருக்கும், குரல் தானாக இறங்கும். அப்படி இறங்கிப்போன குரலுக்கும் தூணின் முனகலுக்கும் ஒரே சுருதி. முனகல் அதை மூடிவிடுகிறது. க, ட, ப மாதிரி தட்டி எழும் சத்தங்கள் எப்படியோ தப்பித்து வந்து சேர்கின்றன. ம, ல, ர மாதிரி மெல்ல வழுக்கிப் போகிறவை மாட்டிக்கொள்கின்றன.

நடைமேடை மாறும் நாளில் அவள் சொல்லும் அறிவிப்பு இது: இந்த வண்டி இரண்டாம் நடைமேடைக்கு வராது, முதலாம் நடைமேடைக்கு வரும். கடைசி பெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தது: இரண்டாம் நடைமேடைக்கு வர... முதலாம் நடைமேடைக்கு வர... மூன்று தடவை சொன்னாலும் ஒரே இடத்தில்தான் ஓட்டை விழும். மேம்பாலம் ஏறச் சோம்பல்படுகிறவர் இங்கேயே வரும் என்று கேட்டுக்கொள்வார். எப்போதும் தனக்கு மட்டும் ஏதாவது தப்பாகவே நடக்கும் என்று நம்புகிறவர், அவள் அதையே மாற்றிச் சொல்லும் நாளில், பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதலாவதுக்கு ஓடுவார். காது ஓட்டையை ஓட்டையாக விட்டுவைப்பதில்லை. கையில் இருக்கும் துணியை வைத்து உடனே ஒட்டுப் போட்டுவிடுகிறது. ஒட்டுப் போட்டதையும் நம்மிடம் சொல்வதில்லை.

அவளுக்குக் குளிர்கூட மறந்துபோயிற்று. ஒரு பூட்டு கையில் திறந்துகொண்டது மாதிரி இருந்தது. எழுந்து மேலே பார்த்துக் கையை ஆட்டினாள். அதை அவன் எப்படிப் புரிந்துகொண்டானோ, மறுபடியும் பொத்தானை அழுத்தினான்.

"அக்கா, ரொம்ப நேரம் காத்து... இருக்க வேணாம்... மே..."

ஒரு சரக்கு வண்டி தடதடவென்று உள்ளே வந்தது. மீதி அதில் போயிற்று.

சந்தோஷம் அப்படியே வடிந்தது. அதே வார்த்தை. யார் என்ன சொன்னாலும் கடைசியில் இதைத்தான் எனக்குச் சொல்வார்களா என்று நினைத்தாள். பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும், மேம்பாலத்தின் படிகளை வேகவேகமாக ஏறினாள். அறைக்குள் போனதும் எரிந்து விழுந்தாள்.

"ஏன், காத்திருந்தா உனக்கு என்ன? எல்லாருக்கும் நான் காத்திருக்கக் கூடாது, அப்படித்தானே?"

ஒயர் முழித்தான். "காத்திருக்க வேணாம்னு யாருக்கா சொன்னது?"

"இப்ப நீதானே சொன்ன."

"ஐயோ, காத்துலக்கா! காத்துல இருக்க வேணாம்னேன். மேல வந்துடுங்கன்னேன். மூக்கைப் பாருங்க, தக்காளி மாதிரி இருக்கு."

அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

காத்துல.

எழுதும்போது காற்று, பேசும்போது காத்து. காத்திருப்பதிலும் அதே காத்து. இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஒரே ஒரு எழுத்து, ல. அதுவும் எப்படிப்பட்ட எழுத்து? நாக்கு மேலே லேசாகத் தொட்டுவிட்டு விலகினால் போதும். தட்டல் இல்லை, வெடிப்பு இல்லை. இத்தனை மெல்லிய எழுத்தைக் காற்றில் நின்று சொன்னால், அதுவும் போனின் வாய்த்துளையில் காற்று மோதி அதே முனகலைப் போட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னால், அது எங்கே போய்ச் சேரும்?

'அம்மா, நீங்க காத்துல இருக்க வேணாம்.' குளிரில் நிற்கப்போகிற அம்மாவிடம் ஒரு மகள் வேறு என்ன சொல்வாள்?

"அக்கா? டீ வாங்கிட்டு வரவா? சூடா இருக்கான்னு தொட்டுப் பாத்து வாங்கறேன்."

"வேணாம். கொஞ்சம் இரு" என்றாள். பிறகு, "நான் ஒரு மடச்சி" என்றாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா" என்றான் அவன், எதற்கென்று தெரியாமலேயே.

உடனே மகளைக் கூப்பிட நினைத்துப் போனைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் கீழே வைத்துவிட்டாள். இப்போதுதானே பெஞ்சில் உட்கார்ந்து பாடம் படித்துவிட்டு வந்தாள்? அன்றைக்கு அந்த ஓட்டையில் பயத்தை வைத்துத் தைத்தாள். இன்றைக்கு அதே ஓட்டையில் ஆசையை வைத்துத் தைக்கிறாள். டீக்காரர் மாதிரி. மகள் உண்மையாகவே காத்திருக்க வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தால்? எந்த எழுத்து விழுந்தது என்று சொன்னவளைக் கேட்டால்தான் தெரியும். கேட்டு, அப்படித்தான் சொன்னேன் என்று பதில் வந்துவிட்டால், இப்போது இருக்கும் இந்த ஓட்டைகூட மிஞ்சாது.

அன்று மாலைவரை அவள் கூப்பிடவில்லை. அதற்குப் பதிலாக அறிவிப்பைத் திருத்தினாள். மாஸ்டரும் ஒயரும் பார்த்துக்கொண்டிருக்க, வாக்கியத்தைப் பிரித்துப் போட்டு மாட்டினாள்.

"வாலைத் தூக்கித் தலையில வைக்கணும் சார். முதல் வார்த்தையே முக்கியமான வார்த்தையா இருக்கணும்."

"நல்லாத்தான் இருக்கு. ஆனா முதல் வார்த்தையைக் காத்து தின்னுடுச்சுன்னா?"

"அதுக்குத்தான் ரெண்டாவது தடவை. அதே வாக்கியத்தை மறுபடி சொல்லக் கூடாது. வேற வார்த்தையில சொல்லணும். அப்ப ஓட்டை வேற இடத்துல விழும். இதுல போனது அதுல வந்துடும்."

"இத்தனை நாளா ஒரே இடத்துல கிழிஞ்ச சட்டையை ஒண்ணு மேல ஒண்ணா மூணு போட்டுக்கிட்டு இருந்திருக்கோம்னு சொல்லுங்க" என்றார் மாஸ்டர்.

அன்றே ஒரு வண்டி நடைமேடை மாறியது. காற்று இன்னும் அடங்கவில்லை. கடைசி பெஞ்சில் ஒரு குடும்பமே போர்வைக்குள் முடங்கியிருந்தது. அவள் பொத்தானை அழுத்தினாள்.

"முதலாம் நடைமேடை. முதலாம் நடைமேடைக்குப் போங்கள். கிழக்கே போகும் வண்டிக்கு நிற்பவர்கள் உடனே மேம்பாலம் ஏறுங்கள். நீங்கள் இருக்கும் பக்கம் இன்று தண்டவாளம் காலி."

போர்வை அசைந்தது. ஒரு தலை வெளியே வந்தது, பிறகு இன்னொன்று. குடும்பம் முழுவதும் எழுந்து மூட்டை முடிச்சோடு படியை நோக்கி நடந்தது. அவர்களுக்குப் பின்னாலேயே டீக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். கடைசி பெஞ்சு காலியானது. ஒயர் விசில் அடித்தான். மாஸ்டர் தொப்பியைக் கழற்றி மாட்டினார்.

மாஸ்டரும் ஒயரும் இறங்கிப் போன பிறகு அவள் மட்டும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தாள். இத்தனை நாள் அரித்த விஷயம் தீர்ந்துவிட்டது; இதை வீட்டுக்குப் போய் யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அந்த யாராவது யார் என்று யோசித்தபோது இரண்டாவது நாற்காலி ஞாபகம் வந்தது. போனை எடுத்துக் கூப்பிட்டாள்.

"ம்... சொல்லுங்க" என்றது மகளின் குரல். அதற்குப் பின்னால் காற்று. மருத்துவமனையின் மாடியில் நிற்பதாகச் சொன்னாள்.

"உன்னை ஒண்ணு கேக்கணும். அன்னைக்கு வழியில இருந்து பேசினியே, என்ன சொன்ன? நீ சொன்னதை அப்படியே சொல்லு."

"காத்துல இருக்க வேணாம்னு சொன்னேன். வெயிட்டிங் ரூமுக்குள்ள இருங்க, நான் அங்க வரேன்னு சொன்னேன். அதோட போன் செத்துப்போச்சு." குரல் கொஞ்சம் இறுகியது. "வந்தேன். உக்காந்திருந்தேன். மேல மைக்ல ஒரு ஆம்பளைக் குரல் கேட்டுச்சு. விசாரிச்சா, அந்தம்மா இன்னைக்கு லீவுன்னாங்க. என்னைப் பாக்கறதுக்குப் பயந்துக்கிட்டு லீவு போட்டுட்டீங்கன்னு நெனச்சேன்."

"உன்னைப் பாக்கத்தான்டி லீவு போட்டேன்! எனக்குக் காத்திருக்க வேணாம்னு கேட்டுச்சு. ஒரு எழுத்து விழுந்துபோச்சு. அந்த 'ல' வரவே இல்ல."

காற்று மறுபடியும் எதையாவது தின்றுவிட்டதோ என்று இவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"எங்க இடத்துலயும் இதேதாம்மா" என்றாள் மகள் கடைசியில். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது, குளிராகவும் இருக்கலாம். "எழுத்துப் பலகையைக் காட்டிப் படிக்கச் சொல்வேன்ல? கடைசி வரி தெரியலன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. இருக்கற மாதிரி ஏதோ ஒரு எழுத்தைச் சொல்லிடுவாங்க. பொய் இல்ல. அவங்க கண்ணுக்கு அதுதான் தெரியும்."

"நானும் அப்படித்தான் படிச்சிருக்கேன்."

"ஞாயித்துக்கிழமை... லீவு... வண்டி..." காற்று பலமாக வந்து மோதியது. துண்டு துண்டாகத்தான் கேட்டது. அவளுக்கு அந்தத் துண்டுகளை எப்படி வேண்டுமானாலும் ஒட்டுப் போடலாம் போலிருந்தது. போடவில்லை.

"எனக்கு விட்டு விட்டுக் கேக்குது. சுவரோரமா போ. ஞாயித்துக்கிழமை என்ன? வேற மாதிரி இன்னொரு தடவை சொல்லு."

காலடிச் சத்தம். ஏதோ ஒரு கதவு மூடியது.

"உன்னைப் பாக்க வரேன்னு சொன்னேன்" என்றாள் மகள். "ஞாயித்துக்கிழமை, மதியம் வர்ற வண்டி. உன்கூட ஒரு நாள் இருந்துட்டுப் போறேன்."

உன்னை. அவள் அந்தச் சொல்லைக் கேட்டாள். இந்தத் தடவை ஒரு எழுத்தும் விழவில்லை.

"காத்திருப்பேன்" என்றாள் தாய். முக்கியமானது முதலில். பிறகு, "நீ வந்து இறங்கற வரைக்கும் ஸ்டேஷனை விட்டு நகர மாட்டேன். வெயிட்டிங் ரூமுக்குள்ள, ஜன்னல் பக்கத்துல உக்காந்திருப்பேன். இப்ப நான் சொன்னதை நீ சொல்லு."

"என்ன, பரீட்சையா?"

"சொல்லேன்டி."

"உள்ள உக்காந்திருப்ப. ஜன்னலோரம். நான் வர்ற வரைக்கும் வீட்டுக்கு ஓட மாட்ட." மகள் சிரித்தாள். "போதுமா?"

"போதும்" என்றாள். கீழே காற்று காலிப் பெஞ்சின் மேல் ஒரு காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை, தனக்கு மாற்றாக மைக்கில் உட்காரும் ஆளுக்கு அவள் வேலையைச் சொல்லிக் கொடுத்தாள். காற்றடிக்கும்போது முக்கியமான சொல்லை முதலில் சொல்ல வேண்டும். அதையே வேறு சொற்களில் இன்னொரு தடவை சொல்ல வேண்டும். எதிரே பதில் பேச ஆள் இருந்தால், கேட்டதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.